குருமாவின் வேரும் மூன்று பிறந்த தேதிகளும்

ஓய்வு பெற்ற பிறகு சொற்களின் பூர்வீகம் தேடுவதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொண்டேன். தாலுகா அலுவலகத்தில் ஆயுசெல்லாம் மனிதர்களின் பூர்வீகம் தேடிய அலுப்பு. சொற்களாவது மனுவோடு எதிரில் வந்து நிற்பதில்லை.

அன்று குருமாவில் இருந்தேன். துருக்கியில் கவுர்மா, உஸ்பெக்கில் கொவுர்மா, பாரசீகத்தில் கொர்மே. எல்லாவற்றுக்கும் முன்னால், வறுப்பது என்ற பொருளில் 'ககுர்' என்றொரு துருக்கிய வேர் இருந்திருக்க வேண்டுமாம். அதை எழுதிவைத்தவர் எவருமில்லை. பிள்ளைகளின் சாயலை வைத்துத் தாயை ஊகித்து, ஊகம்தான் என்பதற்கு அடையாளமாக முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுகிறார்கள். நேர்மையான இலாகா. வறுத்த கறி திண்டுக்கல் வருவதற்குள் தேங்காயில் மூழ்கிப் பரோட்டாவுக்கு ஊற்றும் சாறாகிவிட்டது. முரண்பாடு என்று யாரும் அதைத் திருப்பி அனுப்பவில்லை.

பக்கத்துத் தெரு பிரியாணிக் கடைக்காரரின் தாயாரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மெக்காவுக்கு உம்ரா யாத்திரை போகப் பாஸ்போர்ட் கேட்டவர். ஆதாரில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் ஒன்று, ரேஷன் கார்டில் இன்னொன்று.

"மூணு தடவையா பெத்தாக என்னைய? ஒரு தடவைக்கே எங்கம்மா அம்புட்டுப் பாடுபட்டுச்சாம் சார்."

"பள்ளிக்கூடச் சர்டிபிகேட் இருக்காம்மா?"

"பள்ளிக்கூடம் போயிருந்தா உங்கள ஏன் தேடி வாரேன்?"

ரேஷன் கார்டைப் பார்த்தேன். அந்தத் தெருவில் அந்தக் காலத்தில் கார்டுக்குக் கணக்கெடுத்தது நான்தான். வயது தெரியாதவர்களை வாசலில் நிறுத்தி, முகத்தைப் பார்த்து ஒரு எண் போடுவோம். வெயில் ஏற ஏற நாற்பது, ஐம்பது என்று முழு எண்களாகிவிடும். இவருக்கு நாற்பது போட்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

வழி இருந்தது. பிறப்புப் பதிவேட்டில் பெயரில்லை என்று ஒரு சான்று, அரசு மருத்துவரின் வயதுச் சான்று, கோட்டாட்சியர் உத்தரவு, அதன்மேல் பிறப்புச் சான்றிதழ். மற்ற அட்டைகளை அதைக் காட்டித் திருத்தலாம்.

மூன்றாவது முறை போனபோதுதான் டாக்டர் இருந்தார். பல்லைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். வாசலில் நின்று நான் பார்த்த அதே பார்வை. அறுபத்தெட்டு என்று எழுதி முத்திரை குத்தினார். மூன்று அட்டையிலும் இல்லாத வயது அது.

"இதாவது நிக்குமா சார்? முட்டி தாங்குறப்பவே காபாவச் சுத்திரணும்."

"நிக்கும்மா. முத்திரை இருக்குல்ல."

கோட்டாட்சியருக்கான படிவத்தில் தேதிக்கு முன்னால் நட்சத்திரம் போட இடமில்லை. நாள் தெரியாதவர்களுக்கு வழக்கமாகக் கொடுப்பதைப் போலவே ஜூலை ஒன்று என்று எழுதினேன்.

"ஜூலையா? அடமழையில பொறந்தேன்னுல்ல எங்கம்மா சொல்லும்."

"மழைக்குக் கட்டம் இல்லம்மா. ரேகை வைங்க."

மையில் தொட்ட பெருவிரலை, இனி யாரும் அழிக்க முடியாதபடி அழுத்தி வைத்தார்.