அவர் கண்ணில் படாத பால்வீதி

கோலா சாவா பக்கம் இருக்கும் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் இடி விழுந்து மின்சாரம் போனது. மூன்று நாளாகியும் வரவில்லை. மூன்றாம் நாள் மழை விட்டு வானம் கழுவியதுபோல் இருந்தது. இரவுச் சாப்பாடு முடிந்து வெளியே போன பெரிய மகள் கத்தினாள்.

"அம்மா, பால்வீதி!"

செம்பனை மரங்களுக்கு மேலே, தெற்கிலிருந்து தலை உச்சிவரை வெளுத்த புகைபோல ஒன்று கிடந்தது. எங்கோ காடு எரிகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவள் நான். லயத்து வரிசை வீடுகளின் விளக்கு வெளிச்சத்தில் இதை ஒருநாளும் பார்த்ததில்லை.

"நம்ம சூரியன், பூமி எல்லாம் இதுக்குள்ளதான்மா இருக்கு. உள்ள இருந்துகிட்டேதான் பாக்குறோம்" என்றாள். சின்னவள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

என் கணவர் கதவு நிலையைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தார்.

"எங்க?"

"மரத்துக்கு மேலப்பா. எவ்ளோ பெருசா இருக்கு!"

"மேகமா இருக்கு. ஒண்ணும் தெரியலையே."

மேகமே இல்லை. நட்சத்திரமாவது தெரிகிறதா என்று கேட்டேன்.

"ரெண்டு மூணு" என்றார். உடனே எரிச்சலாக, "சும்மா இருங்கலா, காலையில வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போனார்.

அவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். விடியுமுன்னே கிளம்பிவிடுவார். போன மாதம் லோரியின் பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. கிளை தட்டியது என்றார். வழியில் செருப்பு கிடந்தால் போதும், பிள்ளைகளை அப்படித் திட்டுவார். படுத்திருக்கையில் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

மறுநாள் விடியுமுன்னே, ரந்தாவ் பசாருக்குப் போகணும் என்று சொல்லி லோரியில் ஏறிக்கொண்டேன். இறங்கச் சொன்னார், இறங்கவில்லை. தோட்டத்துச் சாலையில் ஒவ்வொரு வளைவு வரும்போதும் அவர் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். தண்ணீர்த் தொட்டி தாண்டியதும், லோரி விளக்கு வெளிச்சத்தின் ஓரத்தில் ஒரு பெண் நடந்து போவது தெரிந்தது. லோரி அவள் பக்கமாகவே சாய்ந்துகொண்டு போனது.

"நிறுத்துங்க! ஆளு! ஆளு!"

பிரேக் போட்டார். அந்தப் பெண் புல்லில் விழுந்து எழுந்து, எங்களை ஏசிவிட்டுப் போனாள். அவர் ஸ்டீயரிங்கை விடவே இல்லை.

"எத்தன நாளா இப்படி?"

"ரெண்டு வருஷம் இருக்கும். ரோடு எனக்கு மனப்பாடம். மரமெல்லாம் அதே எடத்துலதான் நிக்கும். ஆளுங்கதான்…"

விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

சிரம்பானில் கண் டாக்டர் பார்த்தார். இருட்டில் பார்க்கும் பார்வை பெரும்பாலும் போய்விட்டது, பகல் பார்வையும் ஓரத்திலிருந்து சுருங்கிவருகிறது, தடுக்க மருந்தில்லை என்றார். அன்றைக்கே என் கணவர் லோரிச் சாவியை, வேலை வாங்கும் மண்டோரிடம் கொடுத்துவிட்டார். இப்போது நாற்றுப் பண்ணையில் பகல் வேலை.

"பரம்பரையா வரலாம். பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க" என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். கூட்டிப் போனோம். பெரியவளுக்கு ஒன்றுமில்லை. சின்னவளுக்கு மட்டும் இன்னொரு சோதனை செய்யவேண்டும் என்று அடுத்த வாரம் வரச்சொல்லியிருக்கிறார்கள்.

நேற்று அவள் விளையாடிவிட்டு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அம்மா, கையப் புடி" என்றாள்.