வேலிக்கு மேலே கேட்ட கேள்வி

எங்கள் வீட்டு நாய்க்குப் பெயர் கிடையாது. அப்பா வைக்கவில்லை. மலாக்காவில், பண்டார் ஹிலிரில் ஒரு ரப்பர் கடையில் அவர் தராசு பிடித்தார். சாயங்காலம் சைக்கிளை வாசலில் சாய்க்கும்போதே "வாப்பா" என்பார், அது வரும். சட்டியை வைத்து "சாப்பிடுப்பா" என்பார், அது சாப்பிடும். ஒரே மகள் நான், என்னை ஒரு நாளும் அப்படி மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. நான் "கழுதை". அந்த நாயை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு இதுவே போதும்.

ஜப்பான்காரன் வந்ததும் ரப்பர் கடை பூட்டிக்கொண்டது. அப்பா பல மாதம் சும்மா இருந்தார். சும்மா இருந்த ஆண்களைத்தான் அவன் முதலில் கணக்கெடுத்தான். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், சீக்கிரம் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று சொல்லி, காஜா பெராங் சாலை முனையில் லாரியை நிறுத்தி ஏற்றினான். போகும்போது அப்பா நாயின் தலையைத் தடவி, "வீட்டப் பாத்துக்கப்பா" என்றார். என்னிடம், "கழுதை, அம்மா பேச்சக் கேளு" என்றார். லாரி புகையைக் கக்கிக்கொண்டு போயிற்று. நாய் பின்னாலேயே ஓடியது. பொழுது சாய்ந்த பிறகு கால்களில் ரத்தத்தோடு திரும்பி வந்து வாசலில் படுத்தது.

அதன் பிறகு அம்மாவுக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. நாய் நன்றாகத் தின்றால், "உங்கப்பா இன்னைக்கு வயிறாரச் சாப்பிட்டிருப்பாரு" என்பாள். அது சட்டியை முகர்ந்துவிட்டுப் போனால் அன்றைக்கு அவளும் சாப்பிடமாட்டாள். அரிசி கண்ணில் படாத காலம். மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கு. தன் பங்கில் பாதியை அதற்கு வைத்துவிட்டு, மீதியையும் வைக்கலாமா என்று யோசிப்பாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

"சயாமுக்கும் இந்த நாய் வயித்துக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"உனக்கு என்னடி தெரியும்? வாயில்லாத ஜீவனுக்குத்தான் எல்லாம் தெரியும்."

கேலி செய்வேன். ஆனால் அது சாப்பிட்டதா என்று ஓரக்கண்ணால் நானும் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். இதெல்லாம் தொற்று நோய் மாதிரி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பா வீடு திரும்பும் நேரத்துக்கு அந்த நாய் எழுந்து வாசலுக்குப் போகும். சாலை வளைவையே பார்த்துக்கொண்டு நிற்கும். சில நாட்களில் அதன் வால் ஆட ஆரம்பிக்கும். முதலில் மெல்ல, பிறகு இடுப்பே ஒடிந்துவிடும் போல. சாலையில் ஒரு ஈ காக்கை இருக்காது. நின்றிருந்த இடத்திலிருந்து வீட்டு வாசல்படி வரை எதையோ கூட்டிக்கொண்டு வருவதைப் போலத் தலையைத் தூக்கியபடியே நடந்து வரும். பிறகு படியில் படுத்துக்கொள்ளும். அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "யாரப் பாத்துடி ஆட்டுது?" என்பாள். நான் சாலைப் பக்கம் பார்க்கமாட்டேன். "கொசுவ விரட்டுதும்மா" என்பேன்.

எங்களுக்கு அடுத்த வீட்டில் ஒரு செட்டி அம்மாள் இருந்தாள். மலாக்கா செட்டிகள் சாமி கும்பிடுவதில் நம்மைவிட ஒரு படி மேலே. ஆனால் பல தலைமுறைக்கு முன்பே வந்து தமிழை மறந்துவிட்டவர்கள், பேசுவது மலாய். சாரோங் கட்டி, கெபாயா சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, வேலிக்கு மேலே தலையை நீட்டி மலாயில் பேசுவாள். நான் அவளை மாச்சிக் என்று கூப்பிடுவேன், மலாயில் அத்தை மாதிரி. அவள் அம்மாவை "அக்கா" என்பாள். அவளிடம் மிச்சமிருந்த நாலைந்து தமிழ் வார்த்தைகளில் அதுவும் ஒன்று. அம்மா கல்யாணம் ஆகி இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவள், வாசல் தாண்டாதவள். மலாயில் அவளுக்குத் தெரிந்ததும் நாலைந்து வார்த்தைதான். அதில் ஒன்று மாத்தி. செத்துப்போவது. அந்தக் காலத்தில் அதைத் தெரியாதவர்கள் யாருமில்லை.

ஒரு நாள் காலை நாயைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால், கொல்லையில் கிழங்குப் பாத்திக்குள் கிடந்தது. பசி தாங்காமல் மண்ணைப் பறித்துப் பச்சைக் கிழங்கைத் தின்றிருக்கிறது. அதுவும் கசப்புக் கிழங்கு. நாங்களே அதைத் துண்டு போட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றித்தான் வேகவைப்போம். வாயில் நுரை. எழுப்பினால் பின்னங்கால்கள் துவண்டன. கண் எங்களைத் தாண்டி எங்கோ போயிருந்தது.

எனக்கு அதைவிட நுரைதான் பயமாக இருந்தது. அன்றைக்குச் சாலை வளைவில் துப்பாக்கியோடு ஒரு ஜப்பான்காரன் நின்றுகொண்டிருந்தான். நுரையோடு தள்ளாடும் நாயைக் கண்டால் வெறி என்று நினைத்துச் சுட்டுவிடுவான். அம்மாவும் நானும் அதைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு வந்து கோணிச் சாக்கைப் போட்டு மூடினோம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். "போயிடாதப்பா, போயிடாதப்பா" என்று சாக்கின் மேல் கையை வைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் நாயிடம் பேசவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. வெயில் ஏற ஏறச் சாக்கின் அசைவு குறைந்தது. அம்மாவும் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் மாச்சிக் செம்பருத்தி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். சாக்கில் என்னவோ மூடிக் கிடக்கிறது, பக்கத்தில் அம்மா தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு எப்படித் தெரியும்? பதறிப்போய்க் கேட்டாள்.

"அக்கா, அப்பா மாத்தி?"

மலாயில் 'அப்பா' என்றால் 'என்ன' என்று அர்த்தம். என்ன செத்தது என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் அம்மாவுக்கே அது புரிந்திருக்கும், தினமும் அந்த வேலியில் கேட்கிற வார்த்தைதானே. அன்றைக்கு அவள் காது சயாமில் இருந்தது.

அம்மா எழுந்தாள். கை தானாகத் தாலிக்குப் போயிற்று. பிறகு சரிந்து உட்கார்ந்து, மார்பில் ஓங்கி அறைந்துகொண்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள். தெருவில் நாலு பெண்கள் ஓடி வந்துவிட்டார்கள். "ஐயோ, சேதி வந்துடுச்சா?" என்று ஒருத்தி என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். நான் அவளைத் தள்ளிவிட்டு அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, நாயக் கேக்கறாங்கம்மா. என்ன செத்துச்சுன்னு கேக்கறாங்க. அப்பா இல்லம்மா. மலாய் அப்பாம்மா."

மாச்சிக்கிடமும் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் முகம் பேயறைந்தது போலாயிற்று. "சாமி, சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அம்மாவுக்குப் புரிந்தது. ஆனால் அழுகை நின்றதே தவிர பயம் நிற்கவில்லை. "வாய் முகூர்த்தம்டி" என்றாள். "தெரிஞ்சு சொன்னாலும் தெரியாம சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். பலிச்சிரும். சொன்ன வாயாலேயே கழிக்கச் சொல்லு."

மாச்சிக்குக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. மொழி போனாலும் இதெல்லாம் போகுமா? வீட்டுக்குள் போய்க் கைப்பிடி உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்து வந்தாள். உப்புக்கு ஊரே அலைந்த நேரம் அது. அம்மாவைச் சுற்ற வந்தாள். அம்மா தலையை ஆட்டி, சாக்கைக் காட்டினாள்.

"எனக்கு வேணாம். அதுக்குச் சுத்து."

ஒரு நாய்க்கு உப்பு சுற்றிப் போட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. மாச்சிக் சுற்றினாள், மூன்று தரம் துப்பினாள், அடுப்பில் போட்டாள். பிறகு திரும்பவும் தன் வீட்டுக்குப் போய், பரணில் ஒளித்து வைத்திருந்த தென்னை வெல்லத்தை எடுத்து இளநீரில் கரைத்துக் கொண்டு வந்தாள். நான் நாயின் வாயைப் பிளந்து பிடித்தேன். அவள் கொட்டாங்கச்சி அகப்பையால் கன்னத்து ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். பாதி வெளியே வந்தது. மத்தியானம் அது பச்சையாக வாந்தி எடுத்தது. அப்பா வருகிற நேரத்துக்கு, சாக்குக்கு அடியில் வால் இரண்டு தரம் தரையைத் தட்டியது.

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "பொழச்சுட்டாருடி" என்றாள். பொழச்சுடுச்சு என்று சொல்லவில்லை. நான் திருத்தவும் இல்லை. எனக்கும் அழுகை வந்தது. அந்தச் சனியன் மேல் எனக்கு அத்தனை பிரியம் இருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு மாச்சிக் எங்கள் வேலியோரம் 'அப்பா' என்ற அந்த வார்த்தையை உச்சரிக்கவேயில்லை. என்னிடம் கேட்டு, "என்னா" என்ற தமிழ் வார்த்தையைக் கற்றுக்கொண்டாள். "என்னா மாசாக், அக்கா?" என்பாள். என்ன சமையல் என்று அர்த்தம். பாதித் தமிழ், பாதி மலாய். அம்மாவும் "ஊபி" என்று பதில் சொல்வாள். கிழங்கு.

ஜப்பான்காரன் போனான். சயாம் போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாக வந்தார்கள். ரப்பர் கடையில் அப்பாவோடு வேலை செய்த ஒருவர் காலெல்லாம் புண்ணோடு வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்தார். வெகு நேரம் நாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன மொத மழையிலேயே, அண்ணி" என்றார். "பேதி. நாந்தான் மண்ணு தள்ளினேன்."

அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்தாள். புண்ணுக்கு மஞ்சள் அரைத்துக் கொடுத்தாள். அவர் போனதும், "பாவம், ஆள் மாறிப்போச்சு அவருக்கு" என்றாள்.

"அம்மா, அவர்தானேம்மா புதைச்சாரு."

"நாய் பொழச்சுச்சேடி. உங்கப்பா போயிருந்தா அது எப்படிப் பொழைக்கும்?"

முதல் மழை என்றால், நாய் கிழங்கைத் தின்பதற்கு வெகு முன்னால். நாங்கள் உப்பு சுற்றியபோது, வெல்லம் ஊற்றியபோது, "போயிடாதப்பா" என்று அம்மா கெஞ்சியபோது, அப்பா ஏற்கெனவே மண்ணுக்குள் இருந்திருக்கிறார். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அன்று சாயங்காலமும் நாய் வாசலுக்குப் போய் வாலை ஆட்டியது. அத்தனை நாளும் அது கொசுவை விரட்டவில்லை என்று எனக்குத் தோன்றியது. படியில் அது படுத்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார அன்றிலிருந்து எனக்குப் பயம்.

அம்மா பொட்டு வைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? "புருஷன் போய்ச் சேந்தும் பூ கேக்குது" என்று காதுபடவே பேசினார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அப்பா எங்கே என்றால், "சயாமுக்குப் போயிருக்காரு" என்பாள், நேற்றுத்தான் போனவரைப் போல. வந்தவர்கள் முகத்தை நான் பார்க்கமாட்டேன். நாய் கிழடாயிற்று. கண்ணில் வெள்ளை விழுந்தது. சாலையே தெரியாது, ஆனாலும் அந்த நேரத்துக்கு எழுந்து தடவித் தடவி வாசலுக்குப் போகும். அதற்குத் தும்மல் வந்தால்கூட அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடி வருவாள்.

ஒரு நாள் காலை அது வாசல்படியில் எழுந்திருக்கவில்லை. வலி கிலி ஒன்றுமில்லை, வயதுதான். அம்மா தொட்டுப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு கோணிச் சாக்கை எடுத்து வந்து மூடினாள். நான் எழுப்பப் பார்த்தும் எழுந்திருக்காமல், அன்றைக்கு உட்கார்ந்தது போலவே உட்கார்ந்திருந்தாள்.

வேலிக்கு மேலே மாச்சிக்கின் நரைத்த தலை தெரிந்தது. சாக்கைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். வாய்க்கு வந்ததை விழுங்கிக்கொண்டு, வார்த்தையைத் தேடி எடுத்துக் கேட்டாள்.

"என்னா மாத்தி, அக்கா?"

அம்மா தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள்.

"அப்பா" என்றாள்.

மாச்சிக்கின் காதில் அது 'என்ன?' என்ற கேள்வியாகத்தான் விழுந்திருக்கும். விளக்கம் கேட்பது போல என்னைப் பார்த்தாள். அம்மா எழுந்து கிணற்றடிக்குப் போய், ஒரு வாளி தண்ணீர் இறைத்து, நெற்றியைக் கழுவினாள்.