மேல்மாடி காலி இல்லை

கட்டட வேலை நடக்கும் இடத்தில் என் மனைவியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மேல்மாடி" என்றுதான் சொல்வார்கள். டவர் கிரேனின் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கிறவளுக்கு அதைவிடப் பொருத்தமான பட்டம் கிடைக்காது. நான் கீழே நிற்கும் சிக்னல்காரன். சுமையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, வாக்கி டாக்கியில் "தூக்கு, நிறுத்து, இடப்பக்கம் திருப்பு" என்று சொல்வது என் வேலை. நான் சொல்லி அவள் கேட்பது அந்த வாக்கி டாக்கியில் மட்டும்தான். வீட்டில் சிக்னல் எல்லாம் அவளுடையது.

ஒரு மழை நாளில் ஏணியில் இறங்கும்போது அவள் கால் வழுக்கியது. விழாமல் பிடித்துக்கொண்டாள். ஆனால் பிடித்த வலது கை கம்பிகளுக்கு நடுவே சிக்கி மணிக்கட்டு முறிந்துபோனது. கட்டுப் பிரித்த பிறகும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் அசைந்தன. கிரேனில் வலது கைதான் சுமையை ஏற்றி இறக்கும் கை. கீழே ஆட்கள் நிற்கும்போது அந்த ஒரு கணம் எவ்வளவு நீளம் என்று எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

அவள் இல்லாத நாட்களில் வெளியிலிருந்து வேறு ஆட்கள் வந்து ஓட்டினார்கள். "என்னப்பா, மேல்மாடி காலியா?" என்று என்னைக் கேட்டுச் சிரிக்காதவன் கிடையாது. முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது. போகப் போக, கையில் இருக்கும் சங்கிலியைக் கேட்பவனுடைய மேல்மாடியில் இறக்கலாமா என்று தோன்ற ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரியில் விரல்களுக்குப் பயிற்சி கொடுத்த பெண்மணி ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் அமுக்கச் சொல்லி அனுப்பினார். என் மனைவி அதை இரண்டு நாள் அமுக்கினாள். மூன்றாம் நாள் பந்து அலமாரிக்கு அடியில் போய்விட்டது. தானாக உருண்டு போனது என்று இன்றுவரை சாதிக்கிறாள்.

அந்தச் சமயத்தில்தான் டிவிக்குக் கீழே தூசி படிந்து கிடந்த வீடியோ கேம் பெட்டி அவள் கண்ணில் பட்டது. எங்கள் மகள் படிக்க வெளியூர் போனபோது விட்டுவிட்டுப் போனது. அதன் கண்ட்ரோலரில் இரண்டு கட்டைவிரலுக்கும் இரண்டு குட்டிக் குச்சிகள். கிரேனிலும் இரண்டு கைக்கும் இரண்டு லீவர்கள். மகளுக்குப் போன் செய்து எதை எப்படிப் போடுவது என்று கேட்டாள். மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், "அம்மா, அந்தக் கோட்டை கேமை மட்டும் தொடாத. ரொம்பக் கஷ்டம். நானே பாதியில விட்டுட்டேன்" என்றாள். தொடாதே என்று என் மனைவியிடம் சொல்லலாமா? போனை வைத்ததும் அதைத்தான் போட்டாள்.

இடிந்த கோட்டை ஒன்று. அதன் வாசலில் கையில் பெரிய சுத்தியலோடு ஒரு ராட்சசன். அவனைத் தாண்டினால்தான் உள்ளே போக முடியும். அவனோ தாண்டவிடுவதாக இல்லை. எதற்கெடுத்தாலும் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வருவதால் எங்கள் வீட்டில் அவனுக்குக் காண்ட்ராக்டர் என்று பெயர். ஒரே அடியில் ஆள் காலி. செத்தால் கோட்டைக்கு வெளியே, பாலத்தின் அந்தக் கோடியிலிருந்து மறுபடி நடந்து வர வேண்டும்.

"செத்துட்டேன்."

கூடத்திலிருந்து இந்தக் குரல் முதல்முறை கேட்டபோது என் அம்மா குளியலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் வெடித்தார். "வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு? கை உடைஞ்சது போதாதா?" என் மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இருங்க அத்தை, மறுபடி சாகணும்" என்றாள்.

ஆனால் எதுவும் பழகிவிடுகிறது. சில வாரங்களில் நான் வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போதே அம்மா நிலவரம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "வந்துட்டியா? உன் பொண்டாட்டி மத்தியானத்துலேர்ந்து செத்துக்கிட்டே இருக்கா. பாவம், ஒரு டீ போட்டுக் குடு." இதை எதிர்வீட்டுக்காரர் கேட்டுவிட்டு ஒரு மாதிரி பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆரம்பத்தில் அவள் கோபத்தில் பட்டன்களைக் குத்துவாள். கோபம் விரலை வேகமாக்கியது, ஆனால் அந்த வேகத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பிறகு மெல்ல மெல்ல அடிப்பதைக் குறைத்துக்கொண்டு அவனைப் பார்க்க ஆரம்பித்தாள். சுத்தியலைத் தூக்குவதற்கு முன்னால் அவனுடைய இடது தோள் லேசாக இறங்கும். அதைக் கண்டுபிடித்த அன்று, "ஏங்க, இவன் நம்மகிட்ட சொல்லிட்டுத்தாங்க அடிக்கிறான்!" என்று துள்ளிக் குதித்தாள். அதைத் தெரிந்துகொள்ள அவள் எத்தனை முறை சாக வேண்டியிருந்தது! சாவது அங்கே தண்டனை இல்லை, ஒவ்வொரு சாவும் ஏதோ ஒரு சேதி சொல்லிவிட்டுப் போகிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இன்னொன்றும் கண்டுபிடித்தாள். அது அவளைப் பற்றி. காண்ட்ராக்டருக்கு உயிர் எவ்வளவு பாக்கி என்று திரையில் காட்டும் கோடு தேய்ந்து நூலளவு ஆகும்போதெல்லாம் அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறிவிடும். விலக வேண்டிய நேரத்தில் "ஒண்ணே ஒண்ணு" என்று கூடுதலாக ஓர் அடி அடிக்கப் போவாள். அந்த ஓர் அடிக்குத்தான் அவன் காத்திருப்பான். "என்னை அவன் கொல்லலைங்க. இந்த ஒண்ணே ஒண்ணுதான் கொல்லுது" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு நாள் நான் வீட்டுக்குள் நுழையும்போது திரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். தொடர்ந்து செத்ததைப் பார்த்து அந்தப் பெட்டிக்கே இரக்கம் வந்து, எளிய நிலைக்கு மாற்றட்டுமா என்று கேட்டிருக்கிறது. "யாரைப் பார்த்து என்ன கேக்குது பாருங்க! நான் உன்னைக் கேட்டேனா?" வேண்டாம் என்ற பட்டனை அவள் அழுத்திய வேகத்தில் அந்த ஆள்காட்டி விரல் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. நாங்கள் இருவரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அடுத்த வாரமே அதே கேள்வி மனித உருவில் வந்தது. வேலை இடத்தின் பாதுகாப்பு அதிகாரி, சாப்பிடும்போதுகூடத் தலைக்கவசத்தைக் கழற்றாததால் 'ஹெல்மெட் சார்' என்று பெயர் வாங்கியவர், எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். "வாசல்ல பாஸ் குடுக்கற ரூம் இருக்கும்மா. ஃபேன் இருக்கு, நாற்காலி இருக்கு. அதே சம்பளம். எதுக்கு இனிமே உசரத்துல கஷ்டப்படணும்?" நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்கள்தான் இப்படிக் கேட்கிறார்கள், அதனால்தான் பதில் சொல்வது கஷ்டமாக இருக்கிறது.

என் மனைவிக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. "எளிய நிலை வேண்டாம் சார்" என்றாள். அவருக்குப் புரியவில்லை. "டெஸ்ட் வைங்க. தோத்தா நானே போய் அந்த நாற்காலியில உக்கார்றேன்."

வைத்தார்கள். தேர்வில் தோற்றால் அந்த நாற்காலிதான், அதற்குப் பிறகு அவள் கூண்டுக்குப் போகவே முடியாது. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார், ஒல்லியாக, வாயைத் திறக்கவே யோசிக்கிற பெண்மணி. மைதானத்தில் வளைந்து வளைந்து கம்பங்களை நட்டு வைத்திருந்தார்கள். தண்ணீர் நிரப்பிய டிரம்மைக் கொக்கியில் தூக்கி, எந்தக் கம்பத்தையும் இடிக்காமல் கொண்டுபோய் ஒரு சுண்ணாம்பு வட்டத்துக்குள் இறக்க வேண்டும். இடித்தால் இன்னும் ஒரே ஒரு முறை முதலிலிருந்து ஓட்டலாம். கூண்டைவிட்டு இறங்கினால் தேர்வு அதோடு முடிந்தது. உறவுக்காரன் என்பதால் அன்று சிக்னல் கொடுக்க எனக்கு அனுமதி இல்லை. கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

நன்றாகத்தான் ஆரம்பித்தாள். பாதி வழியில் காற்று அடித்தது. டிரம் ஆடியது. ஆடும் பக்கமே கொக்கியைக் கொண்டுபோய் அந்த ஆட்டத்தை அடக்க வேண்டும். கொண்டுபோனாள், இம்மி பிந்திவிட்டது. 'டங்' என்று சத்தம். கம்பம் சாய்ந்தது.

மைதானத்தில் இருந்த அத்தனை வாக்கி டாக்கியிலும் ஒரே நேரத்தில் அவள் குரல் கேட்டது.

"ப்ச். செத்துட்டேன்."

அவ்வளவுதான். ஹெல்மெட் சார் சைரனை அழுத்திவிட்டார். எல்லா வேலையும் நின்றது. முதலுதவிக்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். ஒருவன் ஏணியில் பாதி ஏறிவிட்டான். நான் குறுக்கே விழுந்து, "ஒண்ணும் ஆகலை சார்! அவ நல்லாத்தான் இருக்கா! நாங்க வீட்ல அப்படித்தான் பேசுவோம்!" என்று கத்தினேன்.

"வீட்ல இப்படியா பேசுவீங்க?" என்றார் அவர், முகம் வெளிறிப்போய்.

விளக்கிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. ராட்சசன், சுத்தியல், காண்ட்ராக்டர். அவர் பயம் கோபமாக மாறியது. வாக்கி டாக்கியை எடுத்து, "அம்மா, இது உயிரோட விளையாடற வேலை. வீடியோ கேம் இல்ல. முதல்ல இறங்கி வாங்க, பேசிக்கலாம்" என்றார்.

இறங்கினால் முடிந்தது. அது அவளுக்கும் தெரியும்.

வாக்கி டாக்கியில் அவள் பேசினாள். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

"நான் இறங்க மாட்டேன் சார். உயிர்னு தெரிஞ்சதாலதான் டிரம்மை வெச்சு சாகறேன். கீழ ஆளே இல்லாதப்போ சாகறேன். சாக வேண்டியதையெல்லாம் இங்கயும் வீட்லயும் செத்து முடிச்சுட்டுத்தான் ஆளுங்க தலைக்கு மேல சுமையைத் தூக்குவேன். அந்த வார்த்தை தப்புதான், மன்னிச்சிடுங்க. ஆனா எனக்கு இன்னும் ஒரு தடவை இருக்கு. அதை யாருக்கும் விட்டுக் குடுக்க மாட்டேன்."

வாழ்க்கையே ஒரு விளையாட்டு என்று சொல்பவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். வாழ்க்கையில் பாலத்துக்கு அந்தக் கோடியிலிருந்து யாரும் மறுபடி நடந்து வருவதில்லை. ஆனால் தோற்றுப் பழக ஓர் இடம் வேண்டும் என்பதை அன்று அவள் சொல்லித்தான் நான் முழுசாகப் புரிந்துகொண்டேன். அவளைப் பார்க்கலாம் என்று நிமிர்ந்தால் கண்ணாடியில் வெயில்தான் தெரிந்தது.

தேர்வாளர் முதல் முறையாக வாயைத் திறந்தார். "தேவையில்லாத பேச்சுக்கு மார்க் கழிக்கறேன். ஓட்டம் பாக்கி இருக்கு. கம்பத்தை நிமிர்த்துங்க."

மறுபடி முதலிலிருந்து. இந்த முறை டிரம் ஒவ்வொரு வளைவிலும் தயங்கித் தயங்கிப் போனது. கடைசி இடைவெளிக்கு வந்தபோது மறுபடி காற்று. டிரம் லேசாகத்தான் ஆடியது. சுண்ணாம்பு வட்டம் கண்ணெதிரே கிடக்கிறது. சட்டென்று நுழைத்துவிடலாம். சுற்றி நின்றவர்கள் எல்லோரும், "விடு, விடு, போயிடும்" என்றார்கள். என் வாயிலும் அதுதான் வந்தது.

அவள் நிறுத்திவிட்டாள்.

டிரம் அந்தரத்தில் தொங்கியது. ஹெல்மெட் சார் கடிகாரத்தைப் பார்த்தார். யாரோ கொட்டாவி விட்டார்கள். அவள் அசையவில்லை. ஒண்ணே ஒண்ணு என்ற ஆசையைப் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குகிறாள் என்று எனக்கு மட்டும் புரிந்தது. காற்று விழுந்தது. ஆட்டம் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. அதன் பிறகுதான் டிரம் மெதுவாக நகர்ந்து, இரண்டு கம்பங்களுக்கும் நடுவே புகுந்து, வட்டத்துக்குள் உட்கார்ந்தது. தண்ணீர் தளும்பவில்லை.

கீழே இறங்கி வந்ததும் அவள் வலது கை வெடவெடவென்று நடுங்கியது. நான் பிடித்துக்கொண்டேன். "மேல இருக்கும்போது நடுங்கலைங்க" என்றாள்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். என்னை விட்டுவிட்டு நேராக அவளிடம் கேட்டார். "செத்தியா?"

"ஒரே ஒரு தடவை, அத்தை."

"அவ்வளவுதானா?" என்று அம்மா முகம் மலர்ந்தார். "அப்போ பாஸ்தான்."

மறுநாள் காலையில் ஏணிக்குப் பக்கத்தில் ஹெல்மெட் சார் புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார். வாக்கி டாக்கியில் 'செத்துட்டேன்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. என் மனைவி அதை நின்று நிதானமாகப் படித்தாள். கையுறையை மாட்டிக்கொண்டு ஏறினாள். நான் கீழே காத்திருந்தேன். ஹெல்மெட் சாரும் பக்கத்தில் வந்து நின்றார். வாக்கி டாக்கி கரகரத்தது.

"மேல வந்துட்டேன். இன்னும் சாகலை."

ஹெல்மெட் சார் அறிவிப்பைத் திரும்பிப் பார்த்தார். 'சாகலை' என்ற சொல் அதில் இல்லை. நான் முதல் சுமையை மாட்டிவிட்டுத் தூக்கச் சொன்னேன்.