ட்ரெய்லர் மட்டும் வெட்டிய ஏழுமலை

போன வியாழக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். ஏழுமலை அவர்களின் செல்போனிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. ஏதோ ஓர் எழுத்தை இடம் மாற்றச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "ஊருக்குப் போயும் விடமாட்டீங்களா சார்?" என்று ஆரம்பித்தேன். மறுமுனையில் அவர் இல்லை. பஸ் கண்டக்டர் ஒருவர் பேசினார்.

"மேடம், இந்த போன்ல கடைசியா பேசுன நம்பர் உங்களுதுங்க. மரக்காணம் வந்துடுச்சு எறங்குங்கன்னு எழுப்புறோம், எழுந்திரிக்கல. டாக்டர் வந்து பாத்துட்டு இல்லன்னுட்டாருங்க. ஊர்ல யாராவது இருக்காங்களா?"

அக்கா இருக்கிறார், பெயர் பச்சையம்மாள், உப்பளத்தில் வேலை செய்கிறவர் என்று மட்டும் சொன்னேன். ஜன்னலோரத்தில் தலை சாய்த்தபடி, நாற்பத்தோரு வயதில், பக்கத்து இருக்கைக்காரர், இவர் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் போய்விட்டார். எந்த ஊரைத் தாண்டும்போது உயிர் பிரிந்தது என்று சொல்லக்கூட ஒருவரும் இல்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு படம் வருவதற்கு முன்னால் டிவியிலும் தியேட்டரிலும் இரண்டு நிமிடம் ஓட்டிக் காட்டுவார்களே, அந்த ட்ரெய்லரை வெட்டி ஒட்டுவது அவர் தொழில். அதில் எழுத்துகளைப் போடுவது என் தொழில். வடபழனியில் ஒரே மாடியில் இரண்டு வருடத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்து அறைகளில் வேலை செய்தோம்.

2004-இல் அவர் எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பன்னிரண்டு வருடம் உதவி எடிட்டராக இருந்தவர், அடுத்த படத்தில் எடிட்டர் ஆக வேண்டியவர், "இனிமே ட்ரெய்லர் மட்டும்தான்" என்று வந்து நின்றால் சிரிக்காமல் என்ன செய்வது? எங்கள் பக்கம் ட்ரெய்லர் என்பது படத்தின் எடிட்டர், கைவேலை ஒழிந்த நேரத்தில் உதவியாளரிடம் தள்ளிவிடும் வேலை. அதற்கென்று ஓர் ஆளா? ஒரு தயாரிப்பாளர் அதை முகத்துக்கு நேரே கேட்டார். ஏழுமலை நிதானமாகச் சொன்ன பதில் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"படம் எடுத்தவங்களுக்கு எல்லா ஷாட்டும் பெத்த புள்ள மாதிரிங்க. எதையும் விட மனசு வராது. எனக்கு அந்தப் பாசம் கெடையாது. அதனால என்கிட்ட குடுங்க."

அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. எந்தப் படத்தையும் இடைவேளை வரைக்கும்தான் பார்ப்பார். பிற்பாதி டேப்பைக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார். முடிவு தெரிந்தால் கை தானாகவே அதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பார். நான் வேண்டுமென்றே, "வில்லன் யாருன்னு சொல்லட்டுமா சார்?" என்பேன். காதைப் பொத்திக்கொண்டு மாடிப்படி இறங்கி ஓடுவார். அவர் இப்படிச் சிறு பிள்ளையாக ஓடுவதைப் பார்ப்பதற்காகவே வாரத்துக்கு ஒருமுறை நான் அப்படிச் சொல்வதுண்டு.

ஒரு வருடத்தில் நிலைமை மாறியது. அவர் வெட்டிய ட்ரெய்லர்களைப் பார்த்துவிட்டுத் தயாரிப்பாளர்கள் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஆனால் டீ கொடுத்தவர் பெயர்கூட வரும் சினிமாவில், அவர் பெயர் எங்கேயும் வராது. ட்ரெய்லரின் கடைசியில் பொடி எழுத்தில் நான் போட்டுவிடுகிறேன் என்றேன். "அந்த அரை செகண்டை எந்த ஷாட்ல இருந்து எடுக்கச் சொல்றீங்க மேடம்?" என்று மறுத்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாலிகிராமத்தில் ஓர் அறை. மதியம் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் இல்லாமல் படம் ஓடிக்கொண்டிருக்க, தனியாகச் சாப்பிடுவார். கூப்பிட்டாலும் வரமாட்டார். கொஞ்ச நாளில் நாங்களும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டோம்.

அவருக்கென்று இருந்தவர் அக்கா ஒருவர்தான். அம்மா இறந்த பிறகு, உப்புக் கூடை சுமந்து தம்பியைப் பன்னிரண்டாவது வரை படிக்கவைத்தவர் பச்சையம்மாள். சுனாமிக்கு அடுத்த கோடையில் ஒரு படக்குழு மரக்காணம் உப்பளத்துக்குப் போனது. வரப்பில் உப்புக் கூடையோடு நடந்துபோகப் பெண்கள் வேண்டும் என்றார்கள். இருபது பேரில் பச்சையம்மாளும் ஒருவர். டைரக்டருக்கு என்ன தோன்றியதோ, பச்சையம்மாள் கூடையை இறக்கிவிட்டு, முந்தானையால் முகம் துடைத்து, யாரையோ பார்த்துச் சிரிப்பதை நெருக்கத்தில் எடுத்துவிட்டார்.

அந்தப் படத்தின் ட்ரெய்லர் ஏழுமலையிடமே வந்தது. காட்சிகளை ஓட்டிக்கொண்டிருந்தவர் என் அறைக்கு ஓடிவந்தார். "மேடம், வாங்க. எங்க அக்காவப் பாருங்க." எத்தனை முறை ஓட்டினார் என்று கணக்கில்லை. பாசம் கிடையாது என்று சொன்ன மனிதரின் கண் கலங்கியிருந்தது. அந்த முகத்துக்கு ட்ரெய்லரில் முழுதாக இரண்டு விநாடி கொடுத்தார். "முகத்து மேல எழுத்து வரக்கூடாது மேடம்" என்றார்.

இங்கேதான் அந்தத் தவறு நடந்தது. ட்ரெய்லர் வெட்டும்போது படம் இன்னும் முடிந்திருக்காது. ஆகவே ஒவ்வொரு ஷாட்டையும், "இது படத்தில் இருக்கிறதா?" என்று படத்தின் எடிட்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது வழக்கம். மற்ற எல்லாவற்றையும் கேட்டவர் இதை மட்டும் கேட்கவில்லை. "கேட்டுடுங்க சார்" என்றேன்.

"கேட்டா எடுத்துடுவாங்க மேடம்" என்றார்.

ட்ரெய்லர் டிவியில் ஓடியது. மரக்காணம் தியேட்டரிலும் ஓடியது. உப்பளத்தில் பச்சையம்மாள் பெரிய நடிகை ஆகிவிட்டார். பக்கத்து ஊர் அனுமந்தையிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். பொங்கலுக்குப் படம் வந்தது. பச்சையம்மாள் வேன் பிடித்துத் தெருவையே அழைத்துக்கொண்டு முதல் நாளே போனார். படம் நீளம் என்று எடிட்டர் உப்பளக் காட்சியைக் குறைத்திருந்தார். தூரத்தில் இருபது பெண்கள் புள்ளி புள்ளியாக நடந்தார்கள், அவ்வளவுதான். அந்த முகம் இல்லை.

தியேட்டர் வாசலிலேயே சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. மறுநாள் உப்பளத்திலும் அதே பேச்சு. ஊரைப் பொறுத்தவரை சினிமாவில் வெட்டுகிறவர் என்றால் அது ஏழுமலைதான். படத்தை வெட்டுகிறவர் வேறு, ட்ரெய்லரை வெட்டுகிறவர் வேறு என்று யாருக்குத் தெரியும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓடிப்போய் விளக்கியிருக்கிறார். பச்சையம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று. "ஊரக் கூட்டி நிக்க வெச்சு என்னை வெட்டிட்டியேடா. உனக்கு நான் என்னடா பண்ணேன்?" அதோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

பத்து மாதம். மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போவார். அக்கா மகள் சோறு போடுவாள். அக்கா அடுப்பங்கரையை விட்டு வரமாட்டார். சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்ப்பார். இந்தப் பத்து மாதத்தில்தான் அவர் மிகச் சிறந்த ட்ரெய்லர்களை வெட்டினார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். போக வேறு இடம் இல்லாதவர் வேறு என்ன செய்வார்?

ஆவணி மாதத்தில் ஒருநாள் என் அறை வாசலில் வந்து நின்றார். "மேடம், ஒருவாட்டி எங்க ஊருக்கு வர்றீங்களா? நான் சொன்னா அக்கா நம்பல. கூட வேலை செய்யறவங்க நீங்க சொன்னா நம்பும்."

"தீபாவளி வேலை முடியட்டும் சார், கண்டிப்பா வர்றேன்" என்றேன். தீபாவளி வந்து போனது. அவர் மறுபடியும் கேட்கவில்லை. நானும் போகவில்லை. இதை எழுதும்போது என் மீது எனக்கு வருகிற கோபத்தை எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியவில்லை.

கடைசியில் போனேன். மரக்காணத்தில் மழை விட்டிருந்தது. உப்புப் பாத்திகள் எல்லாம் தண்ணீரில் மூழ்கி, சாலையின் இரண்டு பக்கமும் ஒரே வெள்ளக்காடாக இருந்தது. வீட்டு முன்னால் தார்ப்பாய் கட்டி, பெஞ்சில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். சினிமாவிலிருந்து என்னையும் சேர்த்து மூன்று பேர்தான் வந்திருந்தோம். மாடிப்படியில் காத்திருந்தவர்களில் ஒருவரையும் காணோம்.

தலைமாட்டில் பச்சையம்மாள் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பெண்கள் அழ, அவர் மட்டும் வாய் திறக்கவில்லை. என்னைப் பார்த்ததும், "நீங்கதான் எழுத்து போடறவங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"உண்மையச் சொல்லுங்க. அவன்தான் என்னை வெட்டுனானா?"

"இல்லைங்க. படத்துல வெட்டுனது வேற ஆளு. அந்த முகம் படத்துல இருக்காதோன்னு அவருக்குச் சந்தேகம்தாங்க. கேட்டா எடுத்துடுவாங்கன்னுதான் கேக்காமலே வெச்சாரு. உங்கள எல்லாரும் பாக்கணும்னு வெச்சாருங்க."

"அதைத்தான் அவனும் சொன்னான்" என்றார். பிறகு என்னை மறந்துவிட்டார். தம்பியின் பக்கம் குனிந்து, நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கி, "ஏழுமல, காலையில ஏதாவது சாப்டியாடா?" என்று கேட்டார்.

அதன் பிறகு அவர் பேச்சு நிற்கவே இல்லை. மழையில் பின்சுவர் இடிந்தது, மகளுக்கு மஞ்சள் காமாலை வந்து தேறியது, பக்கத்து வீட்டுக்காரி இவரிடம் சண்டை போட்டது, போன மாதம் அவன் வந்தபோது மீன் குழம்பில் புளி கூடிவிட்டது என்று பத்து மாதத்துச் சங்கதிகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். பாடையைக் கட்டி முடித்துவிட்டு ஆண்கள் வந்து நின்றார்கள். "நேரமாவுதுக்கா, தூக்கணும்" என்றார் ஒருவர்.

பச்சையம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இருங்கடா, இன்னும் பேசி முடிக்கல" என்றார்.

ஈரத் தரையில் எல்லோரும் காத்து நின்றோம். உங்களிடமிருந்து அங்கேயே விடைபெற்றுக்கொண்டேன், ஏழுமலை சார். தாமதமாக வந்ததற்கு மன்னித்துவிடுங்கள்.