சாவு வீட்டுத் துணியில் ஒன்பது குட்டிகள்

2004-ஆம் வருடம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். அப்போது நான் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பந்தல் காண்டிராக்டரிடம் வேலை பார்த்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படப்பைப் பக்கம் செங்கல் சூளை, கோவளத்தில் வலை இழுப்பது என்று சுற்றிவிட்டு அங்கே வந்து சேர்ந்திருந்தேன். எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா போய்விட்டாள். தெருவில் பிள்ளை பெற்றிருந்த பெண்கள் யார் யாரோ பால் கொடுத்து வளர்த்தார்களாம். யார் என்று நான் கேட்டதும் இல்லை, யாரும் சொன்னதும் இல்லை.

ஒரு பழைய வீட்டைத்தான் குடோனாக வைத்திருந்தோம். ராத்திரி நான் அங்கேயே படுத்துக்கொள்வேன். முன்கூடத்தில் கல்யாணச் சாமான்: நாற்காலி, அண்டா, சிவப்பும் மஞ்சளுமாகச் சாமியானாத் துணி. பின்னறையில் சாவு வீட்டுச் சாமான்: வெள்ளைத் துணி, பெஞ்சுகள், பிணத்தை வைக்கிற கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டி. இரண்டையும் கலக்கவே கூடாது என்பது எங்கள் தொழிலில் கட்டாயம். பின்னறைக்குப் போய் வந்தால் குழாயில் கால் கழுவிவிட்டுத்தான் முன்கூடத்தில் மிதிக்க வேண்டும். ஒரு துணி சாவு வீட்டுக்குப் போய்விட்டால் அது மறுபடி கல்யாணத்துக்கு வராது.

அந்த வெள்ளைத் துணி அடுக்கின் மேல்தான் குட்டிகள் கிடந்தன. கண் திறக்காத ஒன்பது குட்டிகள். நெற்றியில் கோடும், மூக்கின் மேல் வெள்ளைப் பொட்டும், பாதியில் அறுந்த வாலுமாக ஒரு சாம்பல் நிறப் பூனை அவற்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு பூனைக்கு ஒன்பதா என்று தோன்றியது. சில குட்டிகள் கொஞ்சம் பெரிதாகவும் சில சிறிதாகவும் இருந்தன. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த சில நாளில் அந்தப் பூனை மெயின் ரோட்டில் அடிபட்டுக் கிடந்தது. வாலைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டேன். தூக்கி வந்து, கொல்லையில் பப்பாளி மரத்தடியில் புதைத்து, நாய் தோண்டாமல் இருக்க மேலே உடைந்த கூரை ஓடு ஒன்றை வைத்து மூடினேன்.

மழையால் வேலை இல்லை. குட்டிகளோடு அந்த அறையிலேயே கிடந்தேன். சூட்டுக்கு ஒரு குண்டு பல்பைத் தாழ்வாகத் தொங்கவிட்டேன். குழந்தைகளுக்குப் பாலாடையில்தானே பால் புகட்டுவார்கள்? தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு பாலாடை வாங்கி வந்து, ஒவ்வொன்றையும் மடியில் மல்லாத்திப் புகட்டினேன். பால் மூக்கு வழியாக வந்தது. ஒரு குட்டி என் மடியிலேயே செத்தது. தாய் பக்கத்திலேயே அதையும் புதைத்தேன்.

கோவளத்திலிருந்து கூடையோடு பஸ் ஏறி வந்து எங்கள் தெருவில் மீன் விற்கும் அக்கா ஒருத்தி உண்டு. படகில் வேலை செய்த காலத்திலிருந்தே என்னைத் தெரியும். நான் புகட்டுவதை வாசலில் நின்று பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"டேய், அது இன்னா கொயந்தயா, மல்லாக்கப் போட்டு ஊத்துற? மூச்சுல பூந்து செத்துப்பூடும். கவுத்துப் புடிடா. பஞ்சுல தொட்டுச் சப்பக் குடு. வெந்நித் துணியால அடியில தொடச்சு வுடு, அப்பதான் மூத்திரமே போவும். ஆத்தாக்காரி நக்கி வுடுவா இல்ல? உன் நாக்கு ஒண்ணுதான் பாக்கி."

அவள் சொன்னபடி செய்தேன். ஆனாலும் குட்டிகள் தேறவில்லை. வயிறு ஒட்டி, கத்தும் சத்தமும் நாளுக்கு நாள் மெலிந்தது.

அந்த நேரத்தில் படப்பையில் ஒரு கல்யாண வேலை வந்தது. போகாவிட்டால் சோறு இல்லை. காலையில் பின்னறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது எட்டும் செத்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பொழுது சாயும்போது வந்து பூட்டைத் திறந்தேன். சத்தமே இல்லை. பல்பு வெளிச்சத்தில் எட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. தொட்டேன். வயிறு உருண்டையாக, விண்ணென்று இருந்தது. அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது. முதுகு முடி நக்கிவிட்டதுபோல் ஈரமாகப் படிந்திருந்தது. என் கை பின்னுக்கு வந்துவிட்டது.

மறுநாளும் பூட்டிவிட்டுப் போனேன். அதேபோல்தான் இருந்தது.

கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். வைத்த ஓடு வைத்தபடியே இருந்தது. மண் கலையவில்லை. காண்டிராக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "இன்னாடா, பொதச்சது எயுந்து வந்து பால் குடுத்துட்டுப் போவுதா? ஐஸ் பெட்டிக்குள்ளாரயும் ஒரு தபா பாத்துக்கடா" என்றார். சிரித்தாரே தவிர, அன்றைக்குப் பின்னறைப் பக்கம் அவர் வரவில்லை.

அடுத்து வேலை இல்லாத ஒரு நாள், நடுப்பகல். மழை மூட்டத்தில், பல்பு வெளிச்சம் விழுந்த இடம் தவிர அறை இருட்டிக் கிடந்தது. கதவை உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டு, ஐஸ் பெட்டிக்கு எதிரே, பெஞ்சுகளுக்கு நடுவில் அசையாமல் உட்கார்ந்தேன். குட்டிகள் பசியில் கத்திக்கொண்டே இருந்தன. எவ்வளவு நேரமோ தெரியாது. திடீரென்று எட்டும் ஒரே நேரத்தில் வாயை மூடின.

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. என் தோளுக்குப் பின்னால் இன்னொரு முகம். நெற்றியில் கோடு, மூக்கின் மேல் வெள்ளைப் பொட்டு. நான் என் கையால் குழியில் இறக்கிய அதே முகம்.

எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கழுத்தெல்லாம் சில்லிட்டது. அது பெஞ்சிலிருந்து இறங்கி, என் முழங்காலை உரசிக்கொண்டு நடந்து, துணி அடுக்கில் ஏறிப் படுத்தது. உரசிய உடம்பு சூடாக இருந்தது. அது படுத்த பிறகுதான் வாலைப் பார்த்தேன். முழு வால்.

மீன்கார அக்கா மறுநாள் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. "அக்கா தங்கச்சியா இருக்கும்டா. ரெண்டும் ஒரே எடத்துல குட்டி போட்டுக்கினு கீது. நீ ராவும் பகலும் காவக் காத்தா அது எப்பிடி வரும்?" என்றாள்.

பிறகு தேடினேன். பெஞ்சு அடுக்குக்குப் பின்னால் சுவரில் உடைந்த வென்டிலேட்டர் ஒன்று இருந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. பால் கொடுத்துவிட்டு அந்தப் பூனை நேராகப் போய்ப் பப்பாளி மரத்தடியில், நான் வைத்த ஓட்டைப் பார்த்தபடி உட்காரும். அப்படியானால் நான் புதைத்ததை அது எங்கிருந்தோ பார்த்திருக்கிறது. அத்தனை நாளும் அந்த அறையில் நான் தனியாக இருந்ததில்லை.

குட்டிகள் கண் திறக்கத் தொடங்கியபோது சேலையூரிலிருந்து சாவு ஆர்டர் வந்தது. காண்டிராக்டர் வேனோடு வந்து நின்றார். "பெட்டிய ஏத்து, துணிய ஏத்து. இதுங்கள எங்கயாச்சும் மழை படாத எடமாப் பாத்து வுட்டுடு" என்றார். வேறு வெள்ளைத் துணி எல்லாம் மழையில் நனைந்து கிடந்தது. இடம் மாற்றினால் அந்தப் பூனை மறுபடி வருமா என்று எனக்குத் தெரியாது. வராவிட்டால் என் கையால் ஒன்றும் பிழைக்காது, அது நன்றாகத் தெரியும். "அண்ணா, நீயே வந்து பாரு" என்றேன்.

அவர் வந்து பார்த்தார். பூனை எழுந்திருக்கவில்லை. எட்டையும் அணைத்துக்கொண்டு, கண் கொட்டாமல் எங்கள் இருவரையும் பார்த்தது. எது தன்னுடையது, எது செத்துப்போனதுடையது என்று அதற்குக் கணக்கு இல்லை. அவர் முன்கூடத்துப் பக்கம் திரும்பினார்.

"கல்யாணத் துணியில ஒண்ணு எடு" என்றார். "உள்பக்கம் வெள்ளதானே? திருப்பிக் கட்டு."

"அப்புறம் அது கல்யாணத்துக்கு ஆவாதேண்ணா."

"ஆவாது. எனக்குத் தெரியாதா? எடுடா."

முன்கூடத்துத் துணியை வேனில் ஏற்றினேன். அன்று சேலையூரில் ஒரு பெரியவரின் உடல் மேல் கல்யாணப் பந்தலின் உள்பக்கம் நிழல் விரித்தது. இங்கே சாவு வீட்டுத் துணியில் எட்டு உயிர்கள் பால் குடித்துக்கொண்டிருந்தன. குட்டிகள் ஓடத் தொடங்கிய பிறகு நானும் வழக்கம்போல வேறு ஊர் பார்த்துக் கிளம்பிவிட்டேன்.

அதன்பின் எத்தனையோ ஊர் பார்த்தாயிற்று. இன்றும் பஸ்ஸிலோ சந்தையிலோ முன்பின் தெரியாத வயதான பெண் யாராவது என்னையே உற்றுப் பார்த்தால் கழுத்து சில்லிடுகிறது. ஆனால் எனக்குப் பால் கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தியோ என்னவோ; நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை, அவள் பார்த்து முடிக்கும்வரை நின்றுவிட்டுத்தான் போகிறேன்.