பயணப் பணத்துக்காகக் கோபத்தோடு செய்த ஜெபம்

போன வருடம் லெந்து நோன்பு நாட்களில் நான் ஆண்டவரோடு சண்டை போட்டேன். பணிவாகக் கேட்டேன் என்று சபையாராகிய உங்கள் முன் சொன்னால் அது பொய்ச் சாட்சி ஆகிவிடும்.

என் பெயர் பிளெசி. இராஜாக்கமங்கலம் பக்கம் எங்கள் வீடு. பறவைகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். உப்பள வரப்புகளில் வெறும் தரையில் முட்டையிடும் உப்புக்கொத்தி என்ற சின்னப் பறவைதான் என் படிப்பு. நாய் வந்து தின்னும், லாரிச் சக்கரம் ஏறும். எந்த வரப்பில் முட்டை பிழைக்கிறது, ஏன் பிழைக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு கோடை வெயிலில் கிடந்தேன். உப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தில் கண் எரிந்து, வீட்டுக்கு வந்தால் விளக்கைக்கூடப் பார்க்க முடியாது.

அந்த வேலையை வடக்கே நடக்கும் பறவை ஆய்வாளர் மாநாட்டுக்கு எழுதி அனுப்பினேன். பேச அழைத்தார்கள். இளம் ஆய்வாளர்களுக்கான பயண உதவித்தொகையும் எனக்கு ஒதுக்கினார்கள். ஞாயிறு ஆராதனையில் ஆயர் அறிவித்தார். எல்லோரும் கை தட்டினீர்கள்.

பிறகுதான் விதிகளை முழுவதும் வாசித்தேன். முதலில் நானே டிக்கெட் எடுக்க வேண்டும். நானே அறை எடுத்துத் தங்க வேண்டும். திரும்பி வந்து பில் அனுப்பினால் சில மாதம் கழித்துப் பணம் வரும்.

இதற்கு உதவி என்று பெயர்! கையில் பணம் இருக்கிறவர்களுக்கு உதவி எதற்கு? எனக்கு மாதாமாதம் வரவேண்டிய ஆய்வுத் தொகை பல மாதமாக வரவில்லை. அப்பா பைக்கிலிருந்து விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் முடிந்து கட்டிலில் கிடந்தார். வீட்டில் யாரிடம் போய்க் கேட்பேன்?

என் ஆய்வை வழிநடத்தும் கைடிடம் சொன்னேன். அவருக்குக் கல்லூரிச் செலவில் விமான டிக்கெட் ஏற்கெனவே போட்டாயிற்று.

"நீ வெசனப்படாத. நான் எப்படியும் போறேன்லா, ஒன் வேலைய நானே பேசிருதேன். கடைசில ஒன் பேரும் இருக்கும்" என்றார்.

உப்பளத்தில் ஒரு நாள்கூடக் கால் வைக்காத மனிதர்.

பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் வந்து அழுதேன். தேவசித்தம் இல்லை என்று நினைத்துக்கொள், பொறுமையாயிரு என்றீர்கள். மன்னியுங்கள், அந்த வார்த்தை கைடு சொன்னதைவிட அதிகமாகச் சுட்டது. மனிதர் செய்கிற அநியாயத்துக்கு ஆண்டவர் ஏன் பழி சுமக்க வேண்டும்?

மறுநாள் மத்தியானம் ஆலயத்தில் யாரும் இல்லை. முழங்கால் போட மனம் வரவில்லை. நின்றுகொண்டே கேட்டேன். ஆண்டவரே, இது உமக்கு நியாயமா? அந்தப் பறவையைப் படைத்தவர் நீர். வெயிலில் கிடந்து அதைப் பார்த்தவள் நான். மேடையில் நிற்பது யார்? சத்தம் போட்டு அழுதேன். நான் எதிர்பார்த்த சமாதானம் வரவில்லை. ஆனால் என் கோபம் தெளிந்தது. அதை யாரிடம் சொல்ல வேண்டும் என்று புரிந்தது. அதுதான் பதிலின் ஆரம்பம் என்று இன்று அறிக்கையிடுகிறேன்.

ஆலயப் படியில் உட்கார்ந்து போனிலேயே மாநாட்டுக் குழுவுக்கு எழுதினேன். கெஞ்சவில்லை. இல்லாதவர்களுக்கென்று ஒதுக்கிய பணம் இருக்கிறவர்களுக்கு மட்டுமே கிடைக்கும்படி விதி வைத்திருக்கிறீர்கள் என்று எழுதினேன். நான் வராவிட்டால் என் ஆய்வை வேறொருவர் பேசக்கூடாது என்றும் எழுதினேன்.

அம்மா கேட்டதும் பயந்துவிட்டாள். "ஏட்டி, கெடச்சதையும் கெடுத்துப் போட்டியே. அவங்க கோவிச்சிட்டு வேற ஆளுக்குக் குடுத்தா என்ன செய்வ?" என்றாள். பல நாள் ஒரு தகவலும் இல்லை. பயத்திலும் ஜெபித்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை போன் வந்தது. குழுவில் இருக்கும் மதுரைக்கார அம்மா ஒருவர் பேசினார். என் மடலைக் கூட்டத்தில் எல்லோர் முன்பும் வாசித்தார்களாம்.

"வருஷா வருஷம் தேர்வான பிள்ளைங்க சிலபேரு வர முடியலன்னு எழுதுவாங்க. ஏன்னு நாங்க கேட்டதே இல்லம்மா" என்றார்.

இனி உதவித்தொகை பெறும் எல்லோருக்கும் டிக்கெட்டையும் அறையையும் குழுவே எடுத்துக் கொடுக்கும் என்றார். எனக்கு மட்டும் அல்ல, எல்லோருக்கும். ஆய்வைச் செய்தவர்தான் பேச வேண்டும் என்றும் முடிவு செய்திருந்தார்கள். போனை வைத்ததும் அம்மா அடுக்களையிலேயே முழங்கால் போட்டாள். அப்பா கட்டிலில் கிடந்தபடியே ஸ்தோத்திரம் சொன்னார்.

மாநாட்டில் கைடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பறவையின் படம் திரையில் வந்ததும் பயம் போய்விட்டது. கடைசி நாள், இளம் ஆய்வாளர்களில் சிறந்த உரை என்று என் பெயரை அழைத்தார்கள். மேடையிலும் நான் அழவில்லை.

இறங்கி வந்தபோது வடகிழக்கு மலையிலிருந்து வந்த ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். ஆந்தைகளைப் பற்றி ஆராய்கிறவள். முந்தின வருடமும் அவள் தேர்வாகி, காய்ச்சல் என்று எழுதி விலகிக்கொண்டாளாம். காய்ச்சல் இல்லை, டிக்கெட்டுக்குப் பணம் இல்லை. அதைச் சொல்ல வெட்கம். அப்போதுதான் நான் அழுதேன். நான் என் ஒருத்திக்காகக் கேட்டேன். ஆண்டவரோ அவளையும் நினைத்திருந்தார்.

கைடு மாறவில்லை. என் விருதைத் தன் சாதனையாகச் சொல்லித் திரிகிறார். என் கோபமும் முழுதாக ஆறவில்லை. ஆனால் கோபத்தோடு வந்தால் ஆண்டவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்ற பயம் போய்விட்டது. இப்போது இப்படிப்பட்ட குறையோடு என்னிடம் வரும் இளைய பிள்ளைகளோடு ஜெபிக்கிறேன். பிறகு கூடவே உட்கார்ந்து அவர்களுடைய மடலையும் எழுத வைக்கிறேன்.

சபையாரே, அநியாயத்தைச் சொல்லி ஒரு பிள்ளை உங்களிடம் வந்து அழுதால், பொறுமையாயிரு என்று அனுப்பிவிடாதீர்கள். அவளோடு சேர்ந்து ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் கேட்கிறார். ஆமென் சொன்ன பிறகு, "டிக்கெட் போட்டாச்சா மக்களே?" என்று, பெற்ற பிள்ளையைக் கேட்பதுபோல் அவளிடமும் கேளுங்கள்.