மீன் தராசில் பூனை

"அம்மா, எங்கட பூனைக்கு எத்தனை கிலோ?" என்று போன கிழமை என் மகள் கேட்டாள். கிளினிக்கில் தன்னை நிறுத்துவிட்டு வந்த பெருமையில், வீட்டில் கண்ணில் படுகிற எல்லாவற்றுக்கும் நிறை கேட்டுக்கொண்டு திரிகிறாள். யோசிக்காமலே என் வாயில் வந்தது "இரண்டே முக்கால்." அது இந்தப் பூனையின் நிறை அல்ல. நான் நான்காம் ஆண்டு படித்த காலத்தில், முள்ளியவளையில் எங்கள் வீட்டில் இருந்த வேறொரு பூனையின் நிறை. சொன்ன பிறகு, இரண்டே முக்காலா, இரண்டரையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அம்மாவிடம் கேட்டால் சரியாகச் சொல்வார். ஆனால் அம்மாவிடம் கேட்கும்போது மாமாவும் பக்கத்தில் இருப்பார். பிறகு கதை முழுவதையும் முதலிலிருந்து கேட்க வேண்டி வரும்.

அப்போது நாங்கள் தகரக் கொட்டிலை விட்டு, பூச்சுப் பூசாத கல்வீட்டுக்குள் குடிவந்திருந்தோம். அந்த வளவுக்கு முதலில் நாய் வந்தது, பிறகு பூனை வந்தது. இரண்டையும் யாரும் கொண்டுவரவில்லை, அவையாகவே வந்து சேர்ந்தன. நாய் பெரியது, மண்ணிறம். பூனை சின்னது, சாம்பல் நிறம். வந்த நாளிலிருந்து பூனை நாயின் வயிற்றோடு ஒட்டித்தான் படுக்கும். நாய் எழும்பிப் போனால், போன இடத்துக்குப் பின்னாலேயே போய்ப் படுக்கும்.

இரண்டும் சும்மா படுத்திருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. நாயின் காதுக்குள் உண்ணி கொத்துக் கொத்தாக இருந்தது. பூனையின் மயிரை விலக்கினால் தெள்ளுப்பூச்சி ஓடும். தம்பி அப்போது தவழும் வயது. பாயில், சாக்கில், முற்றத்து மண்ணில் என்று எல்லா இடமும் தவழ்ந்து, உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாகக் கடி வாங்கிக்கொண்டு இரவில் அழுவான். அப்பா ஒருநாள் வயலால் வந்து அவன் முதுகைப் பார்த்தார். அதிகம் பேசுகிற மனிதர் இல்லை.

"நாய் காவலுக்கு வேணும். பூனை வேண்டாம்" என்றார்.

மாமா, அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். லொறி ஓட்டுகிறவர். வெள்ளிக்கிழமை அவருடைய லொறி நெல் ஏற்றிக்கொண்டு புளியங்குளம் போக இருந்தது. பூனையை ஓர் உரப்பைக்குள் போட்டு, புளியங்குளச் சந்தியில் சாப்பாட்டுக்கடைப் பக்கமாக விட்டுவிட்டு வருவது என்று முடிவாயிற்று. நான் அழுதேன். சாப்பிடமாட்டேன் என்றேன். சாப்பிடாமல் இருந்ததாகத்தான் ஞாபகம், ஆனால் அன்று எனக்கு மிகவும் பிடித்த ஒடியல் கூழ் என்றும் ஞாபகம் இருக்கிறது, அதனால் சாப்பிட்டிருப்பேன்.

மாமாவுக்கு என் அழுகை தாங்காது. அடுத்த நாளே வவுனியாவிலிருந்து ஒரு சோடாப் போத்தலில் பாதியளவு மஞ்சள் தண்ணி கொண்டுவந்து, அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலில் வைத்தார். அவருடைய சிநேகிதர் ஒருவர் தன் நாய்க்கு வாங்கிய மருந்தில் பங்கு ஊற்றிக் கொடுத்தாராம். எங்கள் பக்கத்தில் வயல் மருந்தும் அப்படித்தான் வீட்டுக்கு வீடு போகும்.

"இந்தா அக்கா. நாய்க்கும் தடவு, பூனைக்கும் தடவு. தெள்ளும் போகும், இவளின்ர அழுகையும் போகும்."

அம்மா போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "இது என்ன மருந்து?"

"நாய் மருந்து."

"பேர் என்னடா?"

"பேர் கேட்டு என்ன செய்யப் போறாய்? கலியாணம் பேசப் போறியோ?"

"நாய்க்குப் போடுறது பூனைக்குச் சரிவருமோ?"

"நாய் பெரிசு, பூனை சின்னன். பூனைக்குக் கொஞ்சமாப் போட்டால் சரிதானே!"

எனக்கு அது மிகவும் நியாயமான கணக்காகத் தெரிந்தது. அந்தத் தவணைதான் பள்ளிக்கூடத்தில் பிரித்தல் கணக்குப் படிப்பித்திருந்தார்கள். "போடுங்கோ அம்மா, இப்பவே போடுங்கோ" என்று நான் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். வெள்ளிக்கிழமைக்குள் தெள்ளு செத்துவிட்டால் உரப்பை தேவையில்லை. அம்மா போத்தலைக் கொண்டுபோய் அலுமாரிக்கு மேலே, என் கையும் தம்பியின் கையும் எட்டாத இடத்தில் வைத்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. மாமா பூனையைக் காப்பாற்றப் பார்க்கிறார், அம்மா அனுப்பிவிடப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு அம்மா மாமாவை விடவில்லை. சிநேகிதருக்குப் போன் எடுத்து, மருந்துப் போத்தலில் உள்ள பெயரை வாசிக்கச் சொன்னார். அதில் தமிழ் இல்லை. அந்த மனிதர் இங்கிலீசு எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, மாமா அதைத் திருப்பிச் சொல்ல, அம்மா உள்ளங்கையில் பேனையால் எழுதினார். பெயர் நீளமாக இருந்தது. மணிக்கட்டைத் தாண்டிப் போய்விட்டது.

"அக்கா, தன்ர சோதினைக்குக் கூடத் தான் இவ்வளவு இங்கிலீசு வாசிக்கேல்லையாம் எண்டு சொல்லுறான். விடு அவனை" என்றார் மாமா.

அடுத்த நாள் புதன்கிழமை. தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, என்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு அம்மா மிருக வைத்தியரிடம் போனார். அங்கே ஆடுகளோடு நிறையப் பேர். ஓர் ஆட்டுக்குட்டி சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை எட்டி எட்டித் தின்றுகொண்டிருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே உள்ளே நடந்த கதை என் காதால் கேட்டதா, அம்மா பிறகு சொல்லித் தெரிந்ததா என்று நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்.

டொக்டர் அம்மாவின் கையைப் பார்த்து எழுத்துகளை வாசித்தார். வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதைப் பூனைக்குப் போட்டனீங்களோ?"

"இல்லை டொக்டர்."

"உண்மையா, போடேல்லையோ?"

"போடேல்லை. கேட்டிட்டுப் போடுவம் எண்டுதான்..."

"நல்லகாலம். நாய்க்கு எண்டால் நான் சொல்லுற அளவுக்குத் தண்ணி கலந்து கழுவலாம். பூனைக்கு ஒரு சொட்டும் கூடாது. பூனையின்ர உடம்பால இதை முறிக்க ஏலாது. நடுங்கும், வலிப்பு வரும், போயிடும்."

"கொஞ்சமாப் போட்டால்?"

"கொஞ்சமாப் போட்டாலும் அதுதான். உங்கட நாயும் பூனையும் கிட்டக்கிட்டப் படுக்கிறதோ?"

"ஒண்டுக்குமேல ஒண்டு, டொக்டர்."

"அப்ப நாயைக் கழுவினாப் பிறகு, நல்லாக் காயும்வரைக்கும் பூனையை அண்ட விடாதேங்கோ. அதின்ர மயிரில படும், பிறகு அது தன்னை நக்கும்."

பூனையின் தெள்ளுக்கு அவர் அன்று மருந்து கொடுக்கவில்லை. பேன்சீப்பால் வாரி, விழுகிற தெள்ளைச் சவர்க்காரத் தண்ணியில் போடச் சொன்னார். பாய், சாக்கு எல்லாவற்றையும் வெந்நீரில் தோய்த்து வெயிலில் போடச் சொன்னார். தெள்ளு இருக்கிற பூனைக்கு வயிற்றில் பூச்சியும் இருக்கும் என்று ஒரு பூச்சிக் குளிசை தந்தார். இரண்டு கிலோ என்றால் அரைக் குளிசை, மூன்று என்றால் முக்கால், நாலு என்றால் முழுவதும்.

"பூனை எத்தனை கிலோ வரும்?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. குத்துமதிப்பாகச் சொன்னால் போதும் என்றார் டொக்டர். அம்மா குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. நிறுத்துப் பார்த்துக் கொடுக்கிறேன் என்று வந்துவிட்டார்.

மாமாவிடம் வந்து சொன்னதும் அவர் கையை விசிறினார். "படிச்சாக்கள் அப்பிடித்தான், எல்லாத்துக்கும் பயப்பிடுத்துவினம். நீயும் ஒரு பயந்தாங்கொள்ளி."

நானும் மாமாவின் பக்கம்தான்.

நெல் நிறுக்கிற தராசில் பூனையை வைத்தால் முள் அசையவே இல்லை. கடைக்குக் கொண்டுபோனால் கடைக்காரர் சீனித் தராசை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். மிஞ்சியது, வியாழன் காலையில் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வருகிற மீன்காரர். இரண்டு தட்டுத் தராசு வைத்திருந்த வயதான மனிதர். அவருடைய கோர்ன் சத்தம் ஒழுங்கை முனையில் கேட்டாலே எங்கள் பூனை வேலியடியில் போய் நிற்கும். அன்றும் நின்றது. நான் அதைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

"அண்ணை, இதை ஒருக்கால் நிறுத்துத் தாங்கோ" என்றார் அம்மா.

மீன்காரர் பூனையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "என்ன பிள்ளை, விக்கப் போறியளோ?"

"மருந்து குடுக்கவேணும். நிறை தெரியவேணும்."

"இந்தத் தட்டில பூனை இருந்தால், பிறகு ஆர் என்னட்டை மீன் வாங்குவினம்?"

மீன் வாங்க வந்து நின்ற பெண்கள் சிரித்தார்கள். கடைசியில் மீன்காரரே வேலியோரத்துத் தேக்கில் ஓர் இலை பிடுங்கித் தட்டில் விரித்தார். அம்மா இலையைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, அவர் கேட்காமலே அதே அளவில் இன்னோர் இலையைப் படிக்கல் தட்டிலும் போட்டார். "சரியோ பிள்ளை? இப்ப கணக்குச் சரி."

பூனை தட்டில் நிற்கவில்லை. வைத்தால் பாயும். பிடித்தால் என் கையின் நிறையும் சேரும். மூன்றாம் தரமோ நாலாம் தரமோ பாய்ந்தபோது, மீன்காரர் பெட்டியிலிருந்து ஒரு சின்னச் சூடை மீனை எடுத்துத் தட்டில் போட்டார். பூனை சிலைபோல உட்கார்ந்து தின்னத் தொடங்கியது. அவர் கல்லை மாற்றி மாற்றி வைத்தார். தட்டு நேரானது.

"அண்ணை, அந்தச் சூடையின்ர நிறையைக் கழிக்கவேணும்" என்றார் அம்மா.

"அதுதான் திண்டிட்டுதே பிள்ளை! மீன் இப்ப இல்லை!"

"மீன் உள்ளுக்கை இருக்குதுதானே அண்ணை. பூனையின்ர நிறை மட்டும்தானே வேணும்."

மாமா வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார். மீன்காரர் தலையில் கையை வைத்தார். பிறகு, எதற்காகச் செய்தாரோ தெரியாது, பெட்டியைக் கிளறி அதே அளவில் வேறொரு சூடையைத் தேடி எடுத்து, அம்மாவுக்குக் காட்டி, இது அதேதான் என்று சம்மதம் வாங்கி, அதைத் தனியாக நிறுத்துக் கழித்துச் சொன்னார். இரண்டே முக்கால். அந்தச் சூடையையும் பூனைதான் தின்றது.

இரண்டே முக்கால் என்பது மூன்று இல்லை. அம்மா குளிசையை முக்காலாக வெட்டி, அதன் ஓரத்திலிருந்து கத்தியால் இன்னும் கொஞ்சம் சுரண்டி எடுத்தார். பூனையைத் துவாயால் சுற்றி நான் பிடித்தேன். அம்மா அதன் வாயைத் திறந்து, அடிநாக்கில் போய் விழும்படி குளிசையை வைத்து, வாயை மூடித் தொண்டையைத் தடவினார். அது விழுங்கியது. உடனே பூனையின் வாயெல்லாம் நுரை. அம்மாவின் முகம் வெளிறிவிட்டது.

"பார், இப்ப நீதான் சாகடிச்சிட்டாய்" என்றார் மாமா.

"கசப்புக்கு நுரைக்கும் எண்டு டொக்டர் சொன்னவர்... சொன்னவர்" என்று அம்மா மாமாவுக்குச் சொல்லவில்லை, தனக்குத்தான் சொல்லிக்கொண்டார். கொஞ்சம் தண்ணி பருக்கினார். பூனை நுரையைத் துடைத்துவிட்டு, மீன்காரர் இன்னும் நிற்கிறாரா என்று வேலியைப் பார்த்தது.

பின்னேரம் மாமா நாயைக் கிணற்றடியிலிருந்து தள்ளிக் கட்டிக் கழுவினார். அவருடைய இரண்டு கைகளிலும் அம்மா பொலித்தீன் பையைக் கட்டிவிட்டிருந்தார். "கண்ணில படாமல்... வாயில படாமல்... மிச்சத் தண்ணியைக் குழி வெட்டி ஊத்து" என்று பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாமா முணுமுணுத்தபடி எல்லாவற்றையும் அப்படியே செய்தார். பூனையைக் குசினிக்குள் விட்டுக் கதவைச் சாத்தி, வாசலில் என்னைக் காவலுக்கு இருத்தினார்கள். உள்ளே பூனை கத்தியது. வெளியே நாய் ஊளையிட்டது. சிநேகிதர்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று நான் அழுதுகொண்டே காவல் இருந்தேன்.

அப்பா வயலால் வந்து, கொடியில் தொங்கிய பாய்களையும், பேன்சீப்பையும், சவர்க்காரத் தண்ணியில் மிதந்த தெள்ளையும் பார்த்தார். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு கிழமை பாப்பம்" என்றார் அம்மா.

"மீன்காரன் சந்தையடியில எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறான்" என்றார் அப்பா. பிறகு, "இவ்வளவு பாடுபட்டு நிறுத்து, வெட்டிக் குடுத்தாப் பிறகு, அதை உரப்பைக்குள்ளை போடுறது சரியில்லை" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார். வெள்ளிக்கிழமை லொறி நெல்லோடு மட்டும் போனது.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. நாயின் காதில் உண்ணி இல்லாமல் போயிற்று. தம்பியின் முதுகு ஆறியது. நாய் காய்ந்ததும் பூனை பழையபடி அதன் வயிற்றில் ஏறிப் படுத்தது. எத்தனையோ தடவை குட்டி போட்டு, நான் சாதாரணதரப் பரீட்சை எழுதும் வரைக்கும் எங்களோடு இருந்தது.

கதைதான் வளர்ந்தது. மாமா அதைக் கலியாண வீட்டில் சொல்வார், கோயில் மடத்தில் சொல்வார், கிளிநொச்சியிலிருந்து சொந்தக்காரர் வந்தால் செருப்புக் கழற்ற முதலே சொல்வார். சூடை மீன் வருடத்துக்கு வருடம் பெருத்து இப்போது பாரை மீன் ஆகிவிட்டது. "இவ்வளவும் செய்து, கடைசியில பூனைக்கு ஒண்டும் நடக்கேல்லை!" என்று முடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பேன். ஒருநாள் அம்மாவிடமே சொன்னேன்: "நீங்கள் சும்மாதானே பயந்தனீங்கள்."

"ஓம், சும்மாதான்" என்றார் அம்மா.

அந்தப் போத்தலை அன்றே திறந்து பூனை செத்திருந்தால், அம்மா கேட்டது சரி என்று மாமா உட்பட எல்லோரும் ஒத்துக்கொண்டிருப்பார்கள். பூனை சாகாததால் அம்மா பயந்தாங்கொள்ளி ஆனார். அந்தப் பெயரை அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டு, சிரிக்கிறவர்களுக்குத் தானும் சிரித்தபடி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. சாகாத பூனைக்கு அந்தப் பெயர்தான் விலை என்றால் அம்மாவுக்கு அது மலிவு என்று இப்போது விளங்குகிறது.